அமெரிக்கா நமக்குக் கிழக்கா, மேற்கா?

மண்ணடியில் நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் கடைக்கு ஒரு பங்குனி மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். மீன் வியாபாரம். மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் குடியிருக்கிறாள், தலைப்பிரசவம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், அந்தச் சமயத்தில் போய்விட்டு வந்தால் வியாபாரமும் கெடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான் இரண்டு வழியில் டிக்கெட் எடுத்துக் காட்டினேன். ஒன்று துபாயில் இறங்கி ஏறுவது, இன்னொன்று சிங்கப்பூரில் இறங்கி ஏறுவது. திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, துபாய் மேற்கால இருக்கு. சிங்கப்பூர் கிழக்கால இருக்கு. ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போவுதுன்னா, அமெரிக்கா எந்தப் பக்கம்தான் இருக்கு?”

பத்து வருடத்துக்கு மேலாக டிக்கெட் போடுகிறேன். விலை கேட்பார்கள், எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று கேட்பார்கள். திசை கேட்டவர் இவர் ஒருவர்தான். தினமும் கடலைப் பார்த்து நிற்கிறவர், அதனால் திசை அவருக்கு உயிர்ப்பான விஷயம். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்ற இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும். உண்மையில் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு நூல் போதும். இரண்டாவதற்குக் காற்றைக் கேட்க வேண்டும்.

கடை மேசையில் ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டை இருக்கிறது. அக்கா பையில் மல்லிகைப் பூ வாங்கி வைத்திருந்தார், பொட்டலத்தைச் சுற்றியிருந்த நூலை அவிழ்த்துக் கொடுத்தார். ஒரு முனையைச் சென்னையில் என் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் அவரைப் பிடிக்கச் சொன்னேன். முதலில் நாம் நினைக்கிற மாதிரி கிழக்கே விட்டோம்: வங்கக் கடல், அந்தமான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், அப்புறம் பசிபிக் முழுக்க. நூல் தொளதொளவென்று கிடந்தது. “இப்போ மெதுவா இழுங்க அக்கா” என்றேன்.

இழுக்க இழுக்க நூல் தானாக மேலே நழுவியது. பசிபிக்கை விட்டு ஜப்பானைத் தாண்டிச் சீனாவுக்குள் ஏறி, ரஷ்யாவின் மேல் போய் விறைத்து நின்றது. யாரும் அதைத் தள்ளவில்லை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டினால், இருப்பதிலேயே குறுகிய வழியில்தான் அது நிற்கும். அந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு சாத்துக்குடியை ஓரமாக வெட்டினால் சின்ன வட்டம் கிடைக்கும். சரியாக நடுமையம் வழியாக வெட்டினால்தான் இருப்பதிலேயே பெரிய வட்டம். எந்தப் பக்கம் திருப்பி வெட்டினாலும் சரி, மையம் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். சென்னை, சான் பிரான்சிஸ்கோ, பூமியின் மையம் மூன்றும் படும்படி பூமியை வெட்டினால் மேலே விழுகிற கோடு இருக்கிறதே, அதுதான் நம் நூல் கிடந்த கோடு.

சென்னை விமான நிலையத்திலிருந்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வழியில் என்னென்ன வருகிறது என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆந்திரா, ஒடிசா, பீகார், நேபாளம். அங்கே கோடு எவரெஸ்ட் சிகரத்தின் பக்கமாகவே போகிறது. பிறகு திபெத், மங்கோலியா, சைபீரியா. ஏறக்குறைய 69 டிகிரி வட அட்சம் வரை ஏறிவிட்டு அலாஸ்காவுக்குள் இறங்கி, பசிபிக் கரையோரமாகக் கலிஃபோர்னியா வந்து சேர்கிறது. கிளம்பும்போது விமானத்தின் மூக்கு கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேர் வடக்கிலிருந்து 22 டிகிரி மட்டும் கிழக்கே சாய்ந்திருக்கும். ஆக, அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான்: அமெரிக்கா நமக்கு வடக்கே இருக்கிறது.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கும் பெரிய வேலைக்கு முதல் அளவுக்கோடு போட்டார். சங்கிலியை நீட்டி நீட்டி ஏழரை மைல் அளந்தார்கள். அங்கே தொடங்கிய அந்த அளவைதான் தலைமுறை தாண்டி இமயமலை வரை போய், 1852-ல் அளவைத் துறையின் கணிதர் ராதாநாத் சிக்தாரின் கணக்கில் எவரெஸ்டின் உயரமாக வந்து நின்றது. நம் நூலும் அதே பரங்கிமலைப் பக்கம் புறப்பட்டு அதே எவரெஸ்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவை நூலை இழுக்கும்போதும் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

சரி, தூரம் எவ்வளவு? நூலில் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை எடுத்த நீளத்தை விரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே நூலை உருண்டையின் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு சுற்று விடுங்கள். நடுக்கோட்டின் முழுச் சுற்று சுமார் 40,000 கி.மீ. நம் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட வரும். கணக்குப் போட்டால் சுமார் 13,900 கி.மீ. வீட்டில் உலக உருண்டை இருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரிதான், வேறு கருவி எதுவும் வேண்டாம்.

பசிபிக் நடுவில் வரும்படி போட்ட தட்டை வரைபடத்தில் இதே இரண்டு ஊருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பசிபிக் வழியாகத்தான் போகும். அந்தக் கோட்டின் மேலேயே உண்மையில் பறந்தால் 15,900 கி.மீ. கிட்ட வரும். சுமார் 2,000 கி.மீ. கூடுதல், இங்கிருந்து டெல்லிக்குப் போவதைவிட அதிகம். காரணம், உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாக ஒட்ட முடியாது. ஒட்ட வேண்டுமென்றால் வடக்கேயும் தெற்கேயும் இழுத்து அகலப்படுத்த வேண்டும். 1569-ல் மெர்கேட்டர் போட்ட வரைபடம் அப்படித்தான் செய்கிறது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. அந்த வரைபடத்தைத் தப்பு என்று தள்ளிவிடவும் கூடாது. திசைகாட்டியை ஒரே திசையில் வைத்துக் கப்பல் ஓட்டியவர்களுக்கு அதில் போட்ட நேர்க்கோடு பெரிய உதவி. தூரம் காட்டுவதற்காக அது வரையப்படவில்லை, அவ்வளவுதான்.

வடக்கே போனால் ஏன் வழி சுருங்குகிறது என்று அக்கா விடாமல் கேட்டார். திருவொற்றியூர்க் கோயிலை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். வெளிப் பிரகாரத்தைச் சுற்ற எவ்வளவு நேரம், உள் பிரகாரத்தைச் சுற்ற எவ்வளவு நேரம்? சன்னிதிக்கு நேர் பின்பக்கம் போக வேண்டுமென்றால் யாராவது வெளியே வந்து மதிலைச் சுற்றுவார்களா? வட துருவத்தைக் கருவறை என்று வைத்துக்கொண்டால், சென்னை வெளிப் பிரகாரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு டிகிரி கிழக்கே நகர 108 கி.மீ. போக வேண்டும். 60 டிகிரி வடக்கில் 56 கி.மீ. போனாலே ஒரு டிகிரி நகர்ந்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோ நமக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கப் பிரகாரம். உள்ளே நுழைந்து போவதுதான் குறுக்கு வழி.

துபாய் வழியில் போனாலும் இதே கதைதான். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் பிடித்தால் நூல் மேற்கு ஐரோப்பாவைத் தொடாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 200 கி.மீ. பக்கத்தில் போய், அந்தப் பக்கம் இறங்குகிறது. “மேற்கால போறேன்”னு கிளம்புகிற பயணம் பாதிக்கு மேல் வடக்கே போகிற பயணம்.

இரண்டு டிக்கெட்டின் தூரத்தையும் கூட்டிக் காட்டினேன். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ. சென்னையிலிருந்து சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே அளவு, பத்துக் கிலோமீட்டர்தான் வித்தியாசம். மண்ணடிக்காரர்களுக்கு இது சந்தோஷமான செய்தி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சம தூரத்தில் நடுவே உட்கார்ந்திருக்கிறோம். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ, துபாயிலிருந்து 13,000 கி.மீ. சொச்சம், சிங்கப்பூரிலிருந்து 13,600 கி.மீ. பக்கம். மொத்தம் ஒரு வழியில் சுமார் 16,000, இன்னொரு வழியில் சுமார் 16,500. நேராகப் போக முடிந்தால் 13,900. சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லாததால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கிறது.

நேர் விமானம் இருந்தால்கூட நூல் போட்ட வழியிலேயே பறக்காது. எவரெஸ்டுக்கு அப்பால் திபெத் இருக்கிறது. அந்தப் பீடபூமியே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும், அங்கேதான் மூச்சு விடக் காற்று போதும். தலைக்கு மேலிருந்து விழுகிற முகமூடிகளில் ஆக்ஸிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் போலத்தான் வரும். கீழே மலையே 4,500 மீட்டர் என்றால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தை ஒதுங்கித்தான் போகின்றன. மலை தவிர அரசியலும் வழியை வளைக்கும். 2022-லிருந்து அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இனி நேரம்.

1914 மார்ச் 17-ம் தேதி நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அதற்கு முன் அவர் குமாஸ்தா வேலை பார்த்ததும் இந்தத் துறைமுக நிர்வாகத்தில்தான். லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14. இருபத்தெட்டு நாள். அன்றும் இன்றும் லண்டன் அதே இடத்தில்தான் இருக்கிறது, நூல் பிடித்தால் அதே 8,200 கி.மீ. இன்று நேர் விமானத்துக்குப் பத்தரையிலிருந்து பதினோரு மணி நேரம். தூரம் மாறாது, நேரம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஜெட் விமானம் மேலே போய்ச் சமநிலையில் பறக்கும்போது மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகம். ஆனால் தூரத்தை 900-ஆல் வகுத்தால் விடை எப்போதும் குறைவாகவே வரும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி விமான நிலையம் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரயில் 80 கி.மீ. வேகம் தொடும். தூரமோ 32 கி.மீ.தான். ஆனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது, ஏனென்றால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல் என்று நின்று நின்று போகிறது. விமானத்துக்கு நடுவில் நிறுத்தம் கிடையாது. ஆனால் ஆரம்பத்திலும் முடிவிலும் மெதுவாகத்தான் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி வாசலில் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம்.

அதனால் நான் மனக்கணக்குக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். தூரத்தை 850-ஆல் வகுத்து, வருகிற விடையோடு அரை மணி கூட்டிக்கொள்வேன். துபாய்: 2,930-ஐ 850-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றரை, அரை மணி கூட்டினால் நான்கு மணி நேரம். சரியாக இருக்கிறது. லண்டன்: ஒன்பதே முக்காலும் அரையும், பத்தேகால். காற்று எதிர்ப்பதாலும் வழி வளைவதாலும் இன்னும் கொஞ்சம் கூடும். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: பதினைந்தே முக்கால், பதினாறு. மதுரைக்கு 420 கி.மீ., கணக்குப்படி ஒரு மணி நேரம். அங்கே போகிறது சின்ன விசிறி விமானமாக இருந்தால் ஒன்றேகால் மணிக்கும் மேல் ஆகும், அது 500 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி. குறைந்த தூரத்துக்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

காற்று என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அக்காவுக்கும் இதைத்தான் சீக்கிரம் புரியவைக்க முடிந்தது, ஏனென்றால் அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு. இஞ்சின் ஒரே மாதிரி ஓடினாலும் நீரோட்டத்தோடு போனால் கரை சீக்கிரம் வரும், எதிர்த்துப் போனால் டீசல் தீரும். விமானமும் அப்படித்தான். அது தரையின் மேல் ஓடவில்லை, காற்றுக்குள் ஓடுகிறது. காற்றுக்குள் அதன் வேகம் 900. அந்தக் காற்றே 150 கி.மீ. வேகத்தில் அதே திசையில் ஓடினால் தரையைப் பொறுத்து 1,050. எதிர்த்து ஓடினால் 750.

பூமியின் நடுப்பகுதியை விட்டு வடக்கே போனால், விமானங்கள் பறக்கிற ஒன்பது பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல வேகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் 200, 300 கி.மீ. வேகம் கூடத் தொடும். பலமான காரணம் பூமியின் சுழற்சி. சென்னையில் நிற்கிற நாம் பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுற்றிக்கொண்டிருக்கிறோம். 60 டிகிரி வடக்கில் இருப்பவர்களுக்கு 830 கி.மீ.தான், உள் பிரகாரம் அல்லவா. வெப்ப நாட்டுக் காற்று மேலெழும்பி வடக்கே போகும்போது தன்னுடைய கிழக்கு வேகத்தையும் சுமந்துகொண்டு போகிறது. அங்கே நிலம் மெதுவாகச் சுற்றுவதால் காற்று நிலத்தை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. இந்தக் காற்றை 1920-களில் ஜப்பானில் வாசாபுரோ ஓயிஷி என்பவர் பலூன்களை விட்டு விட்டு அளந்து கண்டுபிடித்தார். கண்டதை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். உலகத்தில் எல்லோரும் படிக்கட்டும் என்ற ஆசை. நடந்தது என்னவோ, அதிகம் பேர் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்க விமானங்கள் அதே காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

2020 பிப்ரவரியில் ஒரு பெரிய புயல் அட்லாண்டிக்கில் இந்தக் காற்றை உசுப்பிவிட்டது. நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ. தாண்டியது. காற்றுக்குள் அது எப்போதும் போலத்தான் பறந்தது. காற்று சுமந்துகொண்டு போனது.

சிங்கப்பூர் டிக்கெட்டில் அக்கா இதைக் கண்ணால் பார்த்தார். போகும்போது காட்டுகிற நேரத்தைவிடச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் அதிகம். தூரம் ஒன்றுதான். போகும்போது பசிபிக்கின் மேல் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, வரும்போது மார்பில் மோதுகிறது. “நம்ம தலைக்கு மேலயும் அந்தக் காத்து ஓடுதா?” என்று கேட்டார். நம் தலைக்கு மேல் வேறு கதை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில், 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று தென்னிந்தியாவின் மேலேயே ஓடுகிறது. அதை 1950-களில் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். இங்கே தரையில் மேற்குக் காற்று அடித்துப் புழுதி பறக்கிற அதே நாளில், மேலே காற்று நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு சந்தேகம் கேட்பார்கள். பூமி கிழக்கே சுற்றுகிறதே, விமானம் மேலே எழும்பி மேற்கே திரும்பி நின்றால் அமெரிக்கா தானாக அடியில் வந்துவிடாதா? வராது. ஓடுகிற மெட்ரோவில் ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போட்டால் அது பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் போயா விழுகிறது? உங்கள் கைக்கே வருகிறது. ரயிலுக்குள் இருக்கிற எல்லாமே ரயிலோடு போகிறது. காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகின்றன.

கடைசியாகக் கடிகாரம். எங்கள் கடையில் அதிகம் குழப்பம் வருவது இதில்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சம தூரம், இரண்டுக்கும் நான்கு மணி நேரம் போல என்று சொன்னேன். ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் இறங்குவது பகல் 12.30. சிங்கப்பூரில் இறங்குவது மாலை 4.30. ஒன்றுக்கு இரண்டரை மணி, மற்றதற்கு ஆறரை மணி என்று படிப்பவருக்குத் தோன்றும். டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரம், இறங்குகிற நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். அதைச் சேர்த்துக் கழித்தால் இரண்டும் நான்குதான். இறங்குகிற நேரத்தின் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் குறி போட்டு 1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஒருநாள் முன்னதாக விமான நிலையத்தில் போய் நின்ற உறவினர்கள் உண்டு.

நம் ஊருக்கே ஒரு காலத்தில் தனிக் கடிகாரம் இருந்தது. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தின் மேல் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்து 1802-லிருந்து மெட்ராஸ் நேரம் என்று கணக்கிட்டார்கள். லண்டனின் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் இந்திய ரயில்வேக்கள் பொதுக் கடிகாரமாக வைத்துக்கொண்டதும் இந்த மெட்ராஸ் நேரத்தைத்தான். 1906-ல் நாடு முழுவதற்கும் ஐந்தரை மணி என்று வந்தபோது சென்னைக் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தது.

2021 ஜனவரியில் முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேல் பறந்து பெங்களூரு வந்தது. கேப்டன் சோயா அகர்வால். 9-ம் தேதி இரவு அங்கே கிளம்பி 11-ம் தேதி அதிகாலை இங்கே இறங்கியது. தேதியைப் பார்த்தால் இரண்டு நாள் பறந்த மாதிரி இருக்கும். வானத்தில் இருந்தது சுமார் 17 மணி நேரம்தான், மீதி கடிகார வித்தியாசம். இந்தப் பயணத்தின் தூரத்தை இணையத்தில் தேடினால் 14,000 கி.மீ. என்றும் இருக்கும், 16,000 என்றும் இருக்கும். முதலாவது நூல் பிடித்த தூரம், இரண்டாவது உண்மையில் பறந்த தூரம். தூரம் தேடும்போது இன்னொன்றையும் பாருங்கள்: கிலோமீட்டரா, மைலா, கடல் மைலா என்று. சென்னை–சான் பிரான்சிஸ்கோ 13,900 கி.மீ. என்பதே 8,640 மைல், 7,500 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம். காசிமேட்டுப் படகில் ஜி.பி.எஸ். காட்டுவதும் விமானி கணக்கில் வைப்பதும் கடல் மைல்தான், 1,852 மீட்டர். பூமியை வடக்கு தெற்காக ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு நகர்ந்தால் ஒரு கடல் மைல். உருண்டையிலிருந்தே பிறந்த அளவு என்பதால் கடலுக்கும் வானத்துக்கும் அது பொருந்திப் போகிறது.

அக்கா துபாய் வழியையே எடுத்தார். சென்னையிலிருந்து நான்கு மணி, துபாயில் காத்திருப்பு நான்கு மணி, அங்கிருந்து பதினாறு மணி, மொத்தம் இருபத்து நான்கு மணி நேரம். எழுதிக் கொடுக்கச் சொன்னார், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பணத்தைக் கட்டிவிட்டு உடனே மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார். கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்று சொல்லி, அங்கே மணி என்ன என்று பார்க்கிற வழியைச் சொல்லிக் கொடுத்தேன். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நம் மணியில் அரை மணியைக் கழித்துவிட்டுப் பகலை இரவாக, இரவைப் பகலாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நான்கு. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

“விடிகாலை மூன்றரை. பாப்பா தூங்கிட்டிருப்பா” என்று சொல்லி, போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.